நல்லவன் என்று பெயர் வாங்கிய பிறகு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். நீ விடுதியில் தங்கிப் படித்தபோது உனக்குக் கடிதம் எழுதியது, அதன் பிறகு போன் வந்தது, முகம் பார்த்துப் பேசுவது வந்தது, எழுதுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. திடீரென்று என் கையெழுத்தில் ஓர் உறை வந்தால் நீ பதறிப்போவாய் என்று தெரியும், அதனால்தான் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது, அவளை மாதிரியே. உன் சின்ன மாமா வீடு மாற்றிவிட்டான், புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறதாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எக்காளம் ஊதிப் பழகுகிறாராம், எந்த வீட்டுக்குப் போனாலும் அவனுக்கென்று ஒரு குறை காத்திருக்கும். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு தடவை ஜன்னலைத் திறந்து காற்று விட்டு மூடுகிறேன். அந்த வேலையை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். எட்டு வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார், அசந்து தூங்குகிறார் என்று அம்மா சொன்னாளே, அதெல்லாம் நான் சொல்லச் சொன்ன பொய். நான் வீட்டில்தான் இருந்தேன். சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்தில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ சளி பிடித்த குரலில், "அப்பாவுக்கு என் மேல ஏதாவது கோவமாம்மா?" என்று கேட்டாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு. உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ உட்கார்ந்து நிதானமாகப் படி.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் நடந்தது உனக்குத் தெரியும், நீதான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாய். காலை ஏழே முக்கால் பஸ், நிற்க இடம் இல்லை, நடுவில் நின்றிருந்த பள்ளிச் சமையல்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். நான் வண்டியைத் தடத்திலிருந்து திருப்பி, நாற்பது பேரோடு நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பிழைத்தார். செய்தித்தாளில் என் படம் வந்தது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறேன். பணிமனை அறிவிப்புப் பலகையில் அதைப் பெரிதாக ஊசி குத்தி மாட்டினார்கள். நீ அதை அச்செடுத்து உன் ஆய்வகத்து மேசையில் வைத்திருப்பதாகச் சொன்னாய், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் யார் என்று கேட்கிறார்கள் என்றாய். அன்றைக்கு நான் அம்மாவை அதை நாலு தடவை சொல்ல வைத்துக் கேட்டேன்.

நல்லது ஒன்று செய்தால் மனசு அதே வழியில் இன்னும் கொஞ்ச தூரம் தானாகப் போகும் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். முதல் வாரம் அப்படித்தான் போயிற்று. தூக்க முடியாமல் வருகிறவர்களின் பையை இறங்கி வாங்கி வைத்தேன், வழி கேட்டவர்களுக்கு முழுசாகச் சொன்னேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் கடைசி நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது கண்ணாடியில் ஒரு பெண், குழந்தையை வைத்த தள்ளுவண்டியோடு ஓடி வருவது தெரிந்தது. இருபத்தேழு வருஷத்தில் அப்படி வருகிறவர்களுக்கு நான் நிற்காமல் போனதில்லை. அன்று போனேன். போகும்போது மனசுக்குள் ஒரு குரல், ஒரு உயிரையே காப்பாற்றியவன் நீ, ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்றது. குரல் ரொம்ப மரியாதையாகப் பேசியது, அதுதான் வம்பு. சின்ன மாமா வீடு மாற்றுகிற அன்று உதவிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், போகவில்லை, அம்மா கேட்டதற்கு நானும் மனுஷன்தானே என்றேன். கூடுதலாக ஒரு நாள் வேலை பார்த்தால் மாற்று விடுப்பு தருவார்கள் இல்லையா, அந்த மாதிரி நல்லவனாக இருப்பதிலிருந்து நானே எனக்கு விடுப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கேட்பதும் நான், கொடுப்பதும் நான்.

வண்டியை எடுப்பதற்கு முன் தினமும் ஒரு சோதனைத் தாள் நிரப்ப வேண்டும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னோடு வந்து அதில் பேனாவால் டிக் அடித்திருக்கிறாய். விளக்கு, பிரேக், கண்ணாடி, கதவு. பின்கதவின் ஓரத்தில் தடித்த ரப்பர் இருக்கும், மூடும்போது ஏதாவது தடுத்தால் கதவு தானே திறந்துகொள்ளும். அதைச் சோதிக்க ஒரு ஆள் கதவடியில் நின்று கையை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும், அரை நிமிஷ வேலை. நம் மெக்கானிக் நட்டு இருக்கிறானே, உன் பழைய சைக்கிளை மூன்று தடவை பிரித்துச் சேர்த்தவன், சட்டைப் பையில் எப்போதும் நாலு நட்டு போல்ட் குலுங்குவதால் பணிமனையில் எல்லோருக்குமே அவன் நட்டுதான், நீயும் நட்டு மாமா என்றுதான் கூப்பிடுவாய். அவன் ஒரு சாயந்திரம் நான் வண்டியை விட்டுவிட்டுக் கிளம்பும்போது கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அண்ணே, பின்கதவு ரப்பர் கொஞ்சம் மக்கர் பண்ணுது. இப்போதைக்குச் சரி பண்ணிட்டேன், புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கேன். காலையில கையை வச்சுப் பாத்துட்டு எடுங்க. திறக்கலைன்னா எடுக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க" என்றான். சரிப்பா என்றேன்.

மறுநாள் காலை நான் அந்தத் தாளை கேன்டீனில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே நிரப்பினேன். வண்டிப் பக்கமே போகவில்லை. என் படம் மாட்டியிருந்த பலகைக்கு எதிர் நாற்காலி அது. நட்டு சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஞாபகம் இருந்தது. இருந்தும், எனக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது நடையில் சந்தை முனை நிறுத்தத்தில் ஒரு பெண் கடைசியாக இறங்கினாள். பெண்கள் முடி திருத்தும் கடையில் வேலை பார்க்கிறவள், வயது உன்னைவிட ஒன்று குறைவு. இறங்கிய பிறகு அவள் பையின் வார் உள்ளே கம்பியில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்கக் கையை உள்ளே நீட்டியிருக்கிறாள். நான் பொத்தானை அழுத்தினேன். கதவு அவள் மணிக்கட்டின் மேல் மூடியது, திறக்கவில்லை. எனக்கு முன்னால் கதவு மூடியதற்கான பச்சை விளக்கு எரிந்தது. நான் நகர்த்தினேன். நாலைந்து அடிதான். பஸ்ஸுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், நான் பிரேக்கை மிதித்தேன். இறங்கி ஓடிப் பார்த்தபோது அவள் முழங்காலில் உட்கார்ந்து இன்னொரு கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு, அழாமல், ஆச்சரியப்பட்டவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. வலது கை. அவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

விசாரணை அன்றைக்கே மேலாளர் அறையில் நடந்தது. காலையில் கதவைச் சோதித்தீர்களா என்று கேட்டார். சோதித்தேன் என்றேன். திறந்ததா என்றார். திறந்தது என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது கண்ணு, ஒரு பருக்கை அளவு உறுத்தல்கூட இல்லை. மெக்கானிக் ஏதாவது எச்சரித்தாரா என்றார். இல்லை என்றேன். மேலாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க பொய் சொல்ல வேண்டிய ஆளே இல்லை, அது இந்தப் பணிமனைக்கே தெரியும்" என்றார். இதில் கேவலம் என்னவென்றால், அவர் அப்படிச் சொன்னபோது நானும் நம்பினேன். ஆமாம், நான் அப்படிப்பட்டவன் இல்லைதான், எங்கோ ஒரு தவறு நடந்திருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. நட்டுவைக் கூப்பிட்டார்கள். அவன் சொன்னதைச் சொன்னான். ஓட்டுநர் மறுக்கிறாரே என்றார் மேலாளர். நட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றான். பழுதான கதவைச் சரியாகப் பார்க்காமல் விட்டதாக எழுதி அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளில் இந்த ஊரிலேயே என்னைப் போல நல்லவன் இருந்திருக்க மாட்டான். ரத்தம் கொடுத்தேன். மாடிவீட்டுக்காரருக்குத் தண்ணீர்க் கேன் தூக்கினேன். ஓடி வருகிற ஒவ்வொருவருக்காகவும் நின்றேன், நேரம் தவறுகிறது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து திட்டு வாங்கினேன். சின்ன மாமா வீட்டுக்குப் போய் அவன் கேட்காமலேயே அலமாரி மாட்டிக் கொடுத்தேன், அது கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே, அப்புறம் என்ன இவ்வளவு வேலை செய்யறீங்க?" என்றாள். ஒவ்வொரு உதவியும் செய்து முடித்ததும் கொஞ்ச நேரம் லேசாக இருக்கும். செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம், மேலாளர் அறைக்கு இருபது தப்படி நடப்பது. அதைத் தவிர எல்லா நல்ல காரியமும் செய்தேன். நீ கூப்பிட்ட நேரமெல்லாம் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உன்னிடம் எதைப் பேசினாலும் நீ அந்தப் படத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிறாய் என்று தோன்றும்.

இருபதாவது நாள் அந்தப் பள்ளிச் சமையல்காரர் பணிமனைக்கு வந்தார். குணமாகி முதல் தடவையாக வெளியே வந்திருக்கிறார், அவர் அக்காவையும் அழைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொல்ல. கேன்டீனில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, கை வெதுவெதுப்பாக இருந்தது, இந்தக் கை இருப்பதே நம்மால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து நட்டு உள்ளே வந்தான், அவன் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க. யாரோ சமையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் எழுந்து நட்டுவுக்கு எதிரில் போய் நின்றார். "இந்த மாதிரி ஒரு மனுஷனுக்கு நீ கெட்ட பேர் வாங்கிக் கொடுக்கப் பாத்தியாமே. உன் சோம்பேறித்தனத்துக்கு இவர் பலியா? உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்றார். நெஞ்சு வலி வந்து பிழைத்த மனுஷன், கத்தக் கூடாத உடம்போடு கத்துகிறார். அத்தனையும் என் மேல் உள்ள பிரியம். நட்டு சாவியை மேசையில் வைத்தான், அது வழுக்கிக் கீழே விழுந்தது, குனிந்து எடுத்து மறுபடி வைத்தான், போனான். பையில் எதுவும் குலுங்கவில்லை.

நான் செய்த நல்லதே எழுந்து நின்று அவனை அடித்த மாதிரி இருந்தது. அதை அதற்கு மேல் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சமையல்காரரை உட்காரச் சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், இப்போது வேண்டாம், பிறகு வாருங்கள் என்று கையைக் காட்டினார். போனால் திரும்ப வர மாட்டேன் என்று தெரியும், அதனால் நின்றேன். அவர் போனை வைத்ததும் சொன்னேன். "சார், அன்னிக்கு நான் கதவைப் பாக்கலை. தாளைக் கேன்டீன்ல உக்காந்து போட்டேன். பாத்துட்டு எடுங்கன்னு நட்டு என்கிட்ட சொன்னான். நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "ஏன் சார்? நீங்க போய் ஏன்?" என்றார், என்னவோ அவரை நான் ஏமாற்றிவிட்டுப் போன சொந்தக்காரன் மாதிரி. எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வெளியே வந்து சமையல்காரரிடமும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா அவர் தோளைத் தொட்டு, வாப்பா போகலாம் என்றார். அறிவிப்புப் பலகையில் இருந்த படத்தை நானே கழற்றினேன், ஒரு ஊசி மட்டும் வரவில்லை, மூலையில் ஒரு துண்டு காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நட்டுவைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். என்னை ஆறு மாதத்துக்குச் சாலையில் ஓட்டக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறார்கள், அதன் பிறகு பார்ப்பார்களாம். இப்போது பணிமனைக்குள்ளேயே வண்டிகளைக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோவது, டீசல் போடுவது, வரிசையில் நிறுத்துவது. அது எனக்குச் சரியான தண்டனைதான், அதைப் பற்றி வருத்தம் இல்லை, நீயும் யாரிடமும் என் சார்பாகப் பேச வேண்டாம்.

இதில் நீ சிரிக்க ஒரு விஷயம் இருக்கிறது. உண்மையை ஒப்புக்கொண்ட மறுநாள் காலை மனசு பஞ்சு மாதிரி இருந்தது. அம்மா கொடுத்த காபி ஆறியிருந்தது. நான் தம்ளரை டக் என்று வைத்து, ஒரு காபியைச் சூடாகக் கொடுக்கத் தெரியாதா என்று கத்தினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். "நேத்து உண்மை பேசினதுக்கு இன்னிக்கு என்னைத் திட்டிக்கலாம்னு இருக்கா?" என்றாள். சட்டென்று பிடித்துவிட்டாள் பார். நான் அந்த ஆறின காபியையே குடித்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயமே வந்தது. ஒப்புக்கொண்டதையும் ஒரு பெரிய காரியமாக எடுத்துக்கொண்டு அடுத்த விடுப்புக்கு எழுதிப் போட்டுவிட்டேன் நான். இது போகிற வியாதி இல்லை போலிருக்கிறது, கூடவே வைத்துக்கொண்டு கவனிக்க வேண்டியது.

நட்டு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றான், கையில் குழந்தையின் பால் புட்டி. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "வேலை திரும்பக் கிடைச்சுடுச்சு. போதும். உள்ள வாங்கன்னு சொல்ல எனக்கு இன்னும் மனசு வரலை, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். தப்பாக எடுக்க நான் யார். இப்போது தினமும் நான் வண்டியை அவன் இறங்கி நின்று வேலை பார்க்கிற பள்ளத்துக்கு மேல் கொண்டுவந்து நிறுத்துகிறேன். பின்னால் நின்று கையைக் காட்டி, வாங்க, வாங்க, இன்னும், போதும் என்பான். அந்த நாலு வார்த்தைதான். அண்ணே என்பது மட்டும் இல்லை. இருபது வருஷம் காதில் விழுந்துகொண்டே இருந்த வார்த்தை, இல்லாமல் போன பிறகுதான் அது அங்கே இருந்ததே தெரிகிறது.

அந்தப் பெண்ணைப் பார்க்க அம்மாவும் நானும் ஒரு சாயந்திரம் போனோம். கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் ஒரே அறை, தனியாக இருக்கிறாள், பெற்றவர்கள் தொலைவில், விமானம் ஏறித்தான் வர வேண்டும். கையில் கட்டு, கட்டிலில் பாதி மடித்த துணிகள். தலைமுடி நீளம், ஆனால் வாரவே இல்லை, நாள் கணக்கில் சிக்கு. ஒரு கையால் என்ன செய்ய முடியும். எத்தனை பேர் தலையை அழகாக்கிவிட்டவள். நான் யார் என்று சொன்னேன், சோதிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா சீப்பை எடுத்து அவள் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. விபத்தன்று அழாதவள். நாங்கள் கிளம்பும்போது, அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க நாளைக்கும் வரீங்களா?" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அவர் வர வேண்டாம்" என்றாள்.

அதனால் தினமும் காலையில் அம்மா மாடி ஏறுகிறாள், முழங்காலைத் திட்டிக்கொண்டே. நான் கீழே எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்கிறேன். நான் நிற்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இருபது நிமிஷம் கழித்து அம்மா இறங்கி வருவாள், விரலில் ஒன்றிரண்டு நீள முடி சுற்றியிருக்கும். இரண்டு பேரும் வீட்டுக்கு நடப்போம். ஒரு நாள் அம்மா, "அவ முடி நம்ம பொண்ணு முடி மாதிரியே இருக்குங்க, வகிடு எடுத்தா இடது பக்கமாவே விழுது" என்றாள். நான் எனக்குத் தெரியாது என்றேன். உனக்கு நான் ஒரு தடவைகூடத் தலை வாரிவிட்டதில்லை. காலை ஷிப்ட், சாயந்திர ஷிப்ட் என்று போய்விட்டது. இங்கே இருந்தபோது உன்னை வீட்டில் எப்போதும் இருக்கிற ஒரு பொருள் மாதிரி நினைத்துவிட்டேன். இப்போது பஸ் கழுவுகிற இடத்தில் தண்ணீர் சத்தத்தில் நிற்கும்போது, நீ அங்கே எந்த நிறுத்தத்தில் ஏறுகிறாய், உன் ஊர் டிரைவர் கண்ணாடியில் உன்னைப் பார்த்துவிட்டு நிற்பானா என்றெல்லாம் நினைக்கிறேன். டாக்டர் அவள் விரல்களுக்குப் பிடிமானம் திரும்ப வந்துவிடும் என்கிறார், நாலைந்து மாதம் ஆகுமாம். முழுசாக வருமா என்று கேட்டதற்குப் பார்ப்போம் என்றார்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை, இருந்தாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. போன மாதம் நீ அம்மாவிடம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய், குளிர்சாதனப் பெட்டிச் சந்திலிருந்து கேட்டேன். அங்கே வசதி இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் இடத்துக்கு இரண்டு சனிக்கிழமை போய் வேலை செய்ததாகவும், "அவ்வளவு நல்ல பிள்ளையா இருந்துட்டேன்மா, அதான் கூட இருக்கிறவளுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டேன்" என்றும் சொன்னாய். முன்பு என்றால் நானும் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. நீ செய்தது பெரிய குற்றம் இல்லை, அலுப்பாக இருந்தால் படுக்க வேண்டியதுதான். அலுப்பு என்றே சொல்லிப் படு. நல்லது செய்தேன், அதனால் படுக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. அந்த அதனால் என்ற வார்த்தையில்தான் நான் வழுக்கினேன்.

உன் மேசையில் இருக்கிற படத்தை எடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன், வைத்துக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். அன்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டியதும் நான்தான். கதவைப் பார்க்காமல் கிளம்பியதும் நான்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க எனக்கு இனி ஆசை இல்லை. யாராவது கேட்டால் எங்கப்பா, பஸ் டிரைவர் என்று சொல். அது பொய்யில்லை. அடுத்த தடவை நீ கூப்பிடும்போது போனை நானே எடுப்பேன். என்ன கேட்க வேண்டுமோ கேள். ஒன்றும் பேசத் தோன்றவில்லை என்றால் பேசாமல் இருந்தாலும் சரி, நான் வைக்க மாட்டேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. விடுமுறை கிடைக்காது, டிக்கெட் விலை ஆகாசத்தில் இருக்கிறது என்றெல்லாம் தெரியும், வா என்று சொல்லி உன்னைச் சங்கடப்படுத்த எழுதவில்லை. இருக்கிறது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவில், நோய் நொடி இல்லாமல், நிம்மதியாக இரு கண்ணு. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு, வலி நின்றுவிட்டது என்பது அது சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

என்றும் உன்மேல் பிரியமுள்ள,
அப்பா

கண்ணு, அம்மா எழுதறேன். அப்பா இந்த உறையை மூணு நாளா சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரியறார். துவைக்கப் போடும்போது எடுத்தேன். படிக்கலை, என்ன எழுதியிருப்பார்னு தெரியும். நானே ஒட்டி அனுப்பறேன். நேத்து மருந்துக் கடை வரிசையில எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு உன்னை மாதிரியே தும்முச்சு, ரெண்டு தடவை, அப்புறம் ஒரு பெருமூச்சு. நான் உன்னோட வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே திரும்பிட்டேன்.